கமர் ஜஹானுக்கு வலிக்கவில்லை

காலையில் மார்புக் கட்டியை அறுத்தார்கள். மத்தியானம் கமர் ஜஹான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதுங்க, பன் வாங்கியாங்க" என்றாள். புருஷன் ஹயாத் பாஷா அவள் கட்டுத் துணியையே உற்றுப் பார்த்தார்.

"அறுத்த இடம் வலிக்கலியா?"

"துளிகூட இல்லீங்க."

கள்ளக்குறிச்சி கடைவீதியில் வளையல் கடை வைத்திருப்பவர் அவர். சுலபமாகக் கிடைக்கும் எதையும் நம்பமாட்டார். வலியே இல்லையென்றால் அறுத்தார்களா, இல்லையா? கட்டி உள்ளேயே இருந்தால்? இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள். அவள் இல்லாத வீட்டை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

போதாக்குறைக்குத் தங்கை நூர்ஜகான் வந்து சேர்ந்தாள்.

"இன்னாண்ணே, அண்ணி கல்யாண வூட்டுக்கு வந்தாப்புல உக்காந்துக்கினு கீறாங்க? எங்க மாமியாருக்கு அறுத்தப்ப தெருவே எழுந்து நின்னுச்சு. மேலால கட்டு கட்டி ஏமாத்திட்டாங்க!"

நாலு மணி பஸ்ஸில் திருக்கோவிலூர் சொந்தம் பதினோரு பேர் வருகிறார்கள். பார்க்க வந்தவர்களுக்கு நோயாளி நாலு முனகலாவது முனகுவதுதான் அந்தக் குடும்பத்தில் மரியாதை. இல்லாவிட்டால் பதினோரு பேரும் பதினோரு நூர்ஜகான் ஆகிவிடுவார்கள்.

"அவங்க போற வரைக்கும் கொஞ்சம் மொனகு. டாக்டரை அப்புறமா நான் கேட்டுக்கறேன்" என்றார்.

புருஷன் பேச்சைத் தட்டாதவள் கமர் ஜஹான். முதல் ஆள் வாசலில் தலை காட்டியதுமே, "யா அல்லா!" என்று ஒரு போடு போட்டாள். பதினோரு பேரும் கூடவே ஒப்பாரி வைத்தார்கள். கொண்டுவந்த சாத்துக்குடி வார்டெல்லாம் உருண்டது. சிஸ்டர் இருசம்மாள் அலறிப் புடைத்து ஓடிப்போய் மயக்க மருந்து டாக்டர் ராஜாம்பாளைக் கூட்டிவந்தாள். டாக்டர் காலில் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தார்.

"ஊசி பிடிக்கலியா? எங்கம்மா வலிக்குது? சொல்லு!"

"எங்கியும் வலிக்கல டாக்டரம்மா. இவர்தான் மொனகச் சொன்னாரு."

பதினோரு பேரும் ஹயாத் பாஷாவைத் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தில் மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வலிக்காம அறுக்க முடியுமாம்மா? அந்த நோவு அறுபட்டவங்களுக்குத்தான் தெரியும். உங்களுக்கு இன்னாங்க தெரியும்!"

டாக்டர் கோபிக்கவில்லை. "படம் காட்டுற மெஷினை வச்சு, நெஞ்சுத் தசைக்கு நடுவுல ஊசி போட்டு நரம்பை மரத்துப் போக வச்சிருக்கேன். நாளைக்குக் காலை வரைக்கும் அவ்வளவா வலி தெரியாது" என்றார். பிறகு பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒரு பாட்டிலை வரவழைத்துக் காட்டினார். உள்ளே நெல்லிக்காய் அளவில் கட்டி.

ஹயாத் பாஷா தரையிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். டாக்டர் கூட்டத்தைக் கலைத்தார். கமர் ஜஹானுக்குப் பன் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னா மனுஷி! இப்படியும் ஒரு கைவேலை உண்டா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் ஹயாத் பாஷா. "அவங்களைப் போய் வாய்க்கு வந்தபடி பேசிட்டனே சிஸ்டர். மனசுல வச்சிப்பாங்களா?"

சாத்துக்குடியைப் பொறுக்கிக்கொண்டே இருசம்மாள் சொன்னாள்: "ரெண்டு வருஷம் முன்னாடி மாரை அறுத்துக்கினு, இதே வார்டுல மூணு நாள் கதறிக்கினு கிடந்தவங்கதான் பாய் அந்த டாக்டரம்மா, அப்ப இந்த ஊசி போட இங்க ஆளில்ல, எழுந்ததும் முதல் வேலையா போய்க் கத்துக்கினு வந்தாங்க."