நாலாவது ஆள்

“மூணு பேரா நின்னா ஆகாது. நாலாவதா யாரையாவது கூப்பிடுவோம்,” என்றார் வாசுதேவன்.

கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி செய்கிறவர்தான். ஆனால் மூன்று பேர் சேர்ந்து போட்டோ எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே கிடையாது. எப்போதும் கேமராவைப் பிடிப்பவரும் அவரே. அதனால் வீட்டு ஆல்பம் முழுக்க மனைவி லோகநாயகியும் ஏழு வயது மகள் வைஷாலியும்தான். பார்க்கிறவர்கள் அப்பா எங்கே என்று கேட்கிறார்கள். இந்த லீவில் மாமல்லபுரத்தில் குடும்பமாக ஒரு நல்ல போட்டோ எடுத்தே தீருவது என்று வந்திருந்தார்.

“மூணு பேரே நிக்கலாங்க, பரவாயில்ல,” என்றாள் லோகநாயகி.

“நீ சும்மா இரு.”

வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பார்த்து மூவரும் வாயைப் பிளந்தார்கள். அத்தனை பெரிய கல் அந்தச் சரிவில் எப்படித்தான் உருளாமல் நிற்கிறதோ. பாசிமணி விற்கும் பூபாலனிடம் கேமராவைக் கொடுத்துவிட்டு, ஒரு வெள்ளைக்காரரைப் பக்கத்தில் நிறுத்தினார் வாசுதேவன். அவர் உயரத்தில் பாறையே மறைந்தது. குனியச் சொல்லி வாசுதேவன் சைகை காட்ட, அவரும் குனிந்தார். ஏதோ சாமி கும்பிடுகிறார்கள் போல என்று, அவர் வந்த பஸ் மொத்தமும் இறங்கி வந்து கும்பிட்டு நின்றது.

ஐந்து ரதத்தில் ஒரு போலீஸ்காரர் சம்மதித்தார்.

“சார், உங்க குடும்பத்தையே புடிச்சிகினு போற மாதிரி கீது,” என்றான் கேமராவோடு கூடவே வந்த பூபாலன்.

கடற்கரைக் கோயிலுக்கு வந்தபோது ஃபிலிம் ரோலில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். சாயங்கால வெயில் கோபுரத்தில் சாய்ந்து விழுந்தது. கல் முழுக்கப் பொன்னிறம். பின்னால் கடல். வாசுதேவனுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் இதைப் பார்க்காமல் போனோமே என்று கண் கலங்கியது.

“சார், வெயிலு போய்கினு கீது. நிக்கிறீங்களா, இன்னா?”

“நாலாவது ஆள் வேணுமே பூபாலா. நீயே வந்து நில்லேன்.”

“நான் நின்னா யாரு சார் எடுக்கறது?”

பக்கத்தில் வேறு யாரையும் காணோம். வாசுதேவனின் முகம் தொங்கிப் போயிற்று. லோகநாயகி அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் அருகில் நிறுத்திக்கொண்டாள்.

“ஏன் இப்படி அடம் பிடிக்கிறே? குடும்பத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

அவள் சிரித்தாள். வைஷாலிக்குத்தான் பொறுக்கவில்லை.

“அம்மா வயித்துல பாப்பா இருக்குல்ல, அப்ப நாம நாலு பேர்தானேப்பா?”