மருதாசலத்தின் சிவப்புக் கார்

நாமக்கல்லுக்குத் தெற்கே மருதாசலத்துக்கு நாற்பது ஏக்கர் பூமி, ஒரு கறுப்பு அம்பாசிடர், ஒரு சௌந்திரம். முதல் இரண்டும் அவர் சொன்னபடி கேட்கும்.

அந்த அம்பாசிடரில் மனிதர் தனியாகப் போனதாகச் சரித்திரமே இல்லை. சாவியைத் தொட்டாலே மாமியார், மச்சான், மச்சான் பெண்டாட்டி, இரண்டு சின்ன மாமியார்கள், ஒரு பலாப்பழம், அத்தனையும் உள்ளே இருக்கும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் ஒருநாள் மாபெரும் முடிவெடுத்தார். ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவர் அம்பாசிடரோடு மேற்கொண்டு பணமும் வாங்கிக்கொண்டு, தன் சீமைப் பந்தயக் காரைக் கொடுக்கத் தயாராயிருந்தார். புதுசு. ரத்தச் சிவப்பு. எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டே சீட்டு.

"நம்முளுது கெழட்டு எருமை புள்ளே. அது சிறுத்தை! மணிக்கு நூத்தியிருபது மைலு!" என்றார் சௌந்திரத்திடம்.

"அத்தனை வேகத்துல எங்கீங்க போறது?"

"ஒரு மணி நேரத்துல நாகப்பட்டணம்!"

"போயி, உப்பு வாங்கியாறதுங்களா?"

மருதாசலம் பல்லைக் கடித்தார்.

"தரையோட தரையாப் போகுமாமே. நம்ம வண்டித்தடத்துல அடிவயிறு தட்டாதுங்களா மாமா?"

"சிறுத்தை தாண்டிப் போயிரும்!"

"செரி, எங்காத்தா எங்கீங்க உக்காரும்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டார். சட்டென்று, "மாரியம்மங்கிட்டப் பூக்கேட்டுருவோம். ஆத்தா சொல்றபடி" என்றார். "பூவை நம்ம தோட்டத்துல நானே பறிச்சு மடிச்சுக் கொண்டாரேன்."

பூக்கேட்பது தெரிந்ததுதானே. ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. பூசாரி குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்பார்; வந்த பூதான் ஆத்தா வாக்கு. சிவப்புக் காருக்குச் சிவப்புப் பூ என்று மனசுக்குள் முடிச்சுப் போட்ட மருதாசலம், இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்து மடித்தார்.

கோயிலில் அப்புசாமிப் பூசாரி பொட்டலங்களை வாங்கிக்கொண்டு, "எது வந்தா நல்ல வாக்குங்க?" என்று கேட்டார்.

மருதாசலம் வாயைத் திறப்பதற்குள் சௌந்திரம் கும்பிட்டுச் சொன்னாள்: "வெள்ளை வந்தா சிவப்புக் காருங்க. சிவப்பு வந்தா அம்பாசிடரே இருக்கட்டுமுங்க."

"இல்ல, அது வந்து, சிவப்புக்குச் சிவப்பு..."

"அம்மிணி சொல்றதுதானுங்க மொறை. சிவப்பு வந்தாத் தடை" என்றார் பூசாரி.

எடுத்தார். சிவப்பு.

"இன்னொருக்கா!" என்று அலறினார் மருதாசலம்.

பூசாரி பிரித்ததை மறுபடி மடித்து, குலுக்கி, எடுத்தார். சிவப்பு. மூன்றாந்தரமும் சிவப்பு. பூசாரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. "இத்தனை வருசத்துல ஆத்தா இப்படி அடிச்சுச் சொல்லி நாம் பார்த்ததேயில்லைங்க!"

மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லலாம். பிரித்தால் மானம் போகும். மருதாசலம் விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு வெளியே வந்தார்.

சௌந்திரம் மெல்லக் கூட நடந்தாள்.

"ஏனுங்க மாமா, மறுக்கா பூக்கேக்கறதுன்னா வெள்ளரளியிலயும் நாலு பூவைப் பறிச்சுப் போடுங்க. காலையில தண்ணி ஊத்தப் போனேன், பூத்தது பூத்தபடியே நிக்குது."