மாமனாருக்குக் காட்டிய விண்கலம்

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண விருந்தில் சுங்கத் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். செய்தானா? குதிரைக்கறித் தட்டுக்கு முன்னால் எழுந்து நின்று, "வியாழனுக்குப் போற விண்கலம் ஒண்ணு வேகம் பிடிக்க அடுத்த வாரம் பூமியை உரசிட்டுப் போகுது. மாமா, என் தொலைநோக்கியில உங்களுக்குக் காட்டறேன்!" என்று முழங்கிவிட்டான்.

மாமனார் ஒஸ்பான் மீசையைத் துடைத்தார். "காட்டு மாப்ள. காட்டலைன்னா அந்தக் குழாயை வித்துட்டுப் பசு வாங்கு. பாலாவது வரும்."

மொத்தப் பந்தியும் சிரித்தது.

அந்த நாளும் வந்தது. இருட்டியதும் அல்மாத்தி நகர ஓரத்தில் சுங்கத் வீட்டு முற்றத்தில் மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் சுங்கத்தின் மனைவி ரவ்ஷான். சுங்கத் கணினியைத் தட்டினான்; அது சொன்ன இடத்துக்குக் குழாய் தானாகத் திரும்பியது. ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை. ஊஹூம். பசு கண்முன்னே வந்து நின்றது. கடைசியில் அகப்பட்ட ஏதோ ஒரு நட்சத்திரத்தில் நிறுத்தி, "இதுதான் மாமா!" என்றான்.

"பறக்கும்னியே, அசையவே இல்லையே?"

"அது... தூரம் மாமா. இருங்க, டீ எடுத்துட்டு வரேன்."

சமையலறைக்கு ஓடி ஒளிந்துகொண்டான். வயசானவரை ஏமாற்றிவிட்டோமே என்று கூசிப்போனான்.

டீயோடு வெளியே வந்தால், மனுஷர் குதிக்கிறார். "ஓடுது மாப்ள! நட்சத்திரத்துக்கு நடுவுல ஊர்ந்து ஓடுது!" தன் பூவேலை அங்கியைக் கழற்றி அவன் தோளில் போட்டார். "இந்தா, கொரிம்திக்!" அந்த ஊர் வழக்கப்படி, எதையும் முதன்முதலாகப் பார்த்தால், காட்டியவருக்கு அந்தப் பரிசைக் கொடுத்தே ஆகவேண்டும்.

நட்சத்திரம் எங்கே ஓடும்? மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்ற அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவரை வழியனுப்பிய கையோடு ரவ்ஷானிடம் உடைத்துவிட்டான்.

"நான் காட்டினது வெறும் நட்சத்திரம், ரவ்ஷான். இந்த அங்கியைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

"தெரியும். கணினியில இன்னும் நம்ம பழைய ஊர் கரகந்தியையே வச்சிருக்கீங்க."

"அதனாலென்ன? எந்த ஊர்ல பார்த்தாலும் வானம் ஒண்ணுதானே!"

"நட்சத்திரத்துக்குச் சரி. பக்கத்துல உரசிட்டுப் போறதுக்கு? ஊர் மாறினா இடமும் மாறாதா? நீங்க உள்ள ஒளிஞ்சப்ப கணினியில ஊரை அல்மாத்தின்னு மாத்தினேன். குழாய் தானா திரும்புச்சு. அப்பா பார்த்தது நிஜம்தான். நானும் பார்த்தேன்."

சுங்கத் முற்றத்துக்குப் பாய்ந்தான். "எங்கே? எனக்கும் காட்டேன்!"

"மலைக்குப் பின்னால போயே போச்சு. சரி, அந்த அங்கியைக் கழட்டுங்க. காட்டினவ நான்."

கழற்றிக் கொடுத்தான். வருஷக்கணக்காக விண்கலம் விண்கலம் என்று உயிரை விட்ட அவனைத் தவிர, அந்த வீட்டில் எல்லாரும் அதைப் பார்த்தாயிற்று.