அங்குலத்துக்கு மூன்று நாள்

இதயத்தில் இருக்கும் ஓட்டை அடைபட்டதா இல்லையா என்பதை டாக்டர் தீர்மானிக்கிறார் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இது வருந்தத்தக்க பிழை. டாக்டர் அடைக்க மட்டுமே செய்கிறார். அடைத்தது செல்லுமா என்று தீர்மானிப்பது நிர்வாகப் பிரிவு.

எங்கள் அலுவலகப் பதிவறைக்காரருக்கு வயது நாற்பத்து மூன்று. மூன்று மாடிக்குக் கோப்பு மூட்டை சுமப்பவர். பிறவியிலிருந்தே இருந்த ஓட்டை இப்போதுதான் அகப்பட்டது. தொடை வழியாகக் குழாய் விட்டு, சின்னக் குடை மாதிரி ஒன்றை இதயத்துக்குள் விரித்து அடைத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குடை நன்றாகப் பதியும்வரை, ஒரு மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று சீட்டும் கொடுத்தார்கள்.

சீட்டைக் கண்காணிப்பாளர் முகர்ந்து பார்க்காத குறை. அறுவைச் சிகிச்சை விடுப்பு விதி தெளிவானது: தழும்பு ஓர் அங்குலத்துக்கு மூன்று நாள்.

"சட்டையைக் கழட்டுங்க."

"நெஞ்சுல தழும்பு இல்ல சார். தொடையில ஒரு புள்ளி இருக்கு."

"ஓட்டை நெஞ்சுல, காயம் தொடையில. எந்த உறுப்புக்கு லீவு கேக்கறீங்க?"

"மூட்டை தூக்கினா குடை நகர்ந்துடும்னு டாக்டர் சொல்றார் சார்."

"ஓட்டையோடயே இத்தனை வருஷம் தூக்கினீங்க. இப்போ ஓட்டையே இல்ல. ரெண்டு மூட்டையா இல்ல தூக்கணும்?"

தட்டச்சர் அம்மா சுவரைப் பார்த்தபடி அளவுகோலை நீட்டினார். கண்காணிப்பாளர் குனிந்து, கண்ணாடியை மாற்றிப் போட்டு அளந்தார். அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்ற விகிதப்படி இரண்டு மணி நேர விடுப்பு மனமுவந்து வழங்கப்பட்டது. அதில் ஒன்றரை மணி நேரம் விசாரணையிலேயே கழிந்திருந்தது.

"மேல்முறையீடு உண்டா சார்?"

"தாராளமா. தழும்பு வளர்ந்தா வாங்க."

பதிவறைக்காரர் அரை மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு மூட்டையைத் தூக்கினார். தூக்க ஆரம்பித்த நான்காம் நாள் குடை நகர்ந்தது. இந்தத் தடவை நெஞ்சைப் பிளந்துதான் எடுத்தார்கள். ஒன்பது அங்குலம். கண்காணிப்பாளர் ஆஸ்பத்திரிக்கே பழத்தோடு வந்து, இருபத்தேழு நாளுக்குத் தம் கையாலேயே ஒப்புதல் எழுதினார்.

"பாத்தீங்களா, முறையா வந்தா நாங்க எதையும் தடுக்கறதில்ல."

அடுத்த மாதம் தட்டச்சர் அம்மாவின் இதயத்திலும் பிறவி ஓட்டை இருப்பது தெரிந்தது. குழாய் போதும், தையல்கூட இல்லை என்று டாக்டர் ஆறுதலாகச் சொன்னார்.

தட்டச்சர் அம்மா, நெஞ்சைத் திறக்கும் அறுவைக்கான சம்மதப் படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.