சன்னல் வழியாகப் போட்ட சீட்டு

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பேருந்தின் கதவு இறங்குவதற்குத்தான். ஏறுவதற்குச் சன்னல் இருக்கிறது. முதலில் துண்டோ பையோ சன்னல் வழியாக ஏறும். அது விழுந்த இருக்கை நம்முடையது. ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்குச் சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் நின்றவர்களுக்கு இது புரியும். நான் வெறும் கைக்குட்டையை எறிந்தே இடம் பிடித்தவன். (அந்தக் கைக்குட்டை மேல் வேறொருவர் உட்கார்ந்துகொண்டது தனிக்கதை.)

இந்தத் திறமையோடுதான் தேனிலவுக்கு அந்தமான் போனேன். போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் ஒரு சின்னத் தீவுக்குப் போனோம். அங்கே சுற்றிப் பார்க்க வழிக்கா பஞ்சம்? கப்பலை விட்டு இறங்கியதுமே ஆட்டோ, டாக்சி, வாடகை சைக்கிள், வாடகை ஸ்கூட்டர் என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுத்தார்கள். என் மனைவி முத்துச்செல்வி நேரே ஸ்கூட்டர் பக்கம் போய் நின்றாள்.

“ஒண்ணு எடுப்பமா? நீங்க ஓட்டுங்க, நான் பின்னால உக்காந்துகிடுதேன்.”

“எதுக்கு? ஒரு ஊரப் பாக்கணும்னா பஸ்ல போயித்தான் பாக்கணும்” என்றேன், பெரிய ஞானி மாதிரி.

விஷயம் என்னவென்றால், எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பெண் பார்க்க வாசுதேவநல்லூருக்குப் போனதே நண்பன் மணியின் பைக்கில், பின்னால் உட்கார்ந்துதான். தெருமுனையில் இறங்கி, அவன் ஹெல்மெட்டை வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டு கம்பீரமாக நுழைந்தேன். “மாப்பிள்ள பைக்லயே வந்துட்டாவ” என்று மாமனார் பூரித்துப்போனார். பூரிப்பவரை எதற்குக் கெடுக்க வேண்டும்?

வினை கடைசி நாளில் வந்தது. கடற்கரையிலிருந்து படகுத்துறைக்குப் போய்ச் சாயங்காலக் கப்பலைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் மறுநாள் காலை போர்ட் பிளேரில் விமானமும் போய்விடும். கப்பல் டிக்கெட்டும் என் ஆதார் அட்டையும் ஒரு மஞ்சள் பையில் இருந்தன. எங்கள் கல்யாணத் தாம்பூலப் பைதான். மிஞ்சிய பைகளை அம்மா எங்கள் பெட்டிக்குள் திணித்து அனுப்பியிருந்தாள். (பெட்டியைப் போர்ட் பிளேர் விடுதியிலேயே விட்டிருந்தோம்.)

ஒரு பேருந்து வந்து நின்றது. கூட்டம் நகர்ந்தது. அவ்வளவுதான், எனக்குக் கண்மண் தெரியவில்லை. பாய்ந்து ஓடி, திறந்திருந்த சன்னலுக்குள் பையை வீசினேன். குறி தப்பவில்லை. திரும்பி முத்துச்செல்வியைப் பார்த்தேன். (பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.)

வாசலில் ஒருவர் கையை நீட்டி மறித்தார். “பிரைவேட்! பிரைவேட்!” அப்போதுதான் கவனித்தேன், ஏறிய அத்தனை பேர் தலையிலும் ஒரே நிறத் தொப்பி. அது ஒரு சுற்றுலாக் குழு பிடித்த வண்டி.

“மை பேக்! பேக்!” என்று கத்தினேன். பின்னால் வேறு பஸ் வருமா என்று கேட்பதாக நினைத்து, அவர் அன்போடு பின்பக்கம் கையைக் காட்டினார். கதவு மூடியது. வண்டி போயே போய்விட்டது.

“பையிலதான டிக்கெட்டு?” என்றாள் முத்துச்செல்வி.

“ஆமா.”

“ஆதாரு?”

“அதுவும்தான்.”

அவள் விறுவிறுவென்று எதிரே இருந்த ஸ்கூட்டர் கடைக்குப் போய், தன் கைப்பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் காட்டினாள். கடைக்காரர் வழக்கப்படி சாவியை ஆம்பிளையான என்னிடம் நீட்டினார். நான் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்ன முழிக்கிய? எடுங்க வண்டிய!”

“எனக்கு ஓட்டத் தெரியாது.”

“அப்பம் அந்த ஹெல்மெட்டு?”

“அது மணியோடது.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கடலே கொதித்திருக்கும். “ஏறுங்க பின்னால.” வயலுக்கு உரமூட்டை ஏற்றிக்கொண்டு குளத்துக்கரையில் மொபெட் ஓட்டிப் பழகியவள். நானும் மூட்டையாகவே உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவிலும் எங்கள் ஊர்ச் சாமி சங்கரநயினாரைக் கூப்பிட்டேன்.

பாதி வழியில் அதே பேருந்து நின்றது. தொப்பிக்காரர்கள் எல்லாரும் இறங்கி, தூரத்தில் ஒரு பாக்குத் தோப்பு ஓரமாக ஒண்டியிருந்தார்கள். டிரைவர் மட்டும் சன்னலுக்குக் கீழே நின்று எதையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, அது எங்க பை!” என்று பதற்றத்தில் தமிழிலேயே கத்தினேன்.

டிரைவர் திரும்பினார். “எந்தூரு வே?”

“சங்கரன்கோவில்.”

“அதான பாத்தேன்! சீட்டுப் போட்டீரா?” அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எங்க தாத்தாவுக்கு உங்க ஊருக்குப் பக்கத்துல பனவடலிசத்திரம். ஊருக்கு வந்தப்ப நானும் துண்டு போட்டிருக்கேன். இவிய குண்டுன்னு பயந்து இறங்கிட்டாவ. குண்டு வைக்கவன் மாப்பிள்ள பேரு, பொண்ணு பேரு, மண்டபம் எல்லாம் அச்சடிச்சா வைப்பான்னு சொல்லுதேன், கேக்க மாட்டுக்காவ.”

பை கைக்கு வந்ததும் போன உயிர் திரும்பி வந்தது. டிரைவர் இந்தியில் விளக்க, தொப்பிக்காரர்கள் கைதட்டினார்கள். அவர்களுக்கும் அதே கப்பல்தானாம்.

“போட்ட சீட்டு உம்மதுதான், வந்து உக்காரும்” என்றார் டிரைவர். ஸ்கூட்டரைப் படகுத்துறையில் விட்டால் போதும் என்பதால் முத்துச்செல்வி அதிலேயே கிளம்பிவிட்டாள். இன்னொரு வளைவைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. வெட்கத்தை விட்டு ஏறி உட்கார்ந்தேன். சன்னல் வழியாகப் பார்த்தால், என் பெண்டாட்டி என் பக்கம் திரும்பாமலே பேருந்தை முந்திக்கொண்டு போனாள்.

கப்பலில் எனக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். திடீரென்று, “அந்த ஹெல்மெட்டாவது உங்க தலைக்குச் சேருமா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், போர்ட் பிளேர் வரைக்கும் நிறுத்தவில்லை. பை கிடைத்ததைவிட அந்தச் சிரிப்பு கிடைத்ததுதான் எனக்குப் பெரிய நிம்மதி. இனி ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

வாசுதேவநல்லூரில் பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே கதை முழுவதும் வெளியே வந்துவிட்டது. இன்றைக்கும் நாங்கள் அங்கே போய், கடைத்தெருவுக்குப் போக அவள் மொபெட்டைக் கிளப்பினால், மாமனார் தோள் துண்டை எடுத்துப் பின் சீட்டில் போட்டுவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார்:

“மாப்பிள்ள, சீட்டுப் போட்டாச்சு. பதறாம வந்து உக்காருங்க.”