மாப்பிள்ளை மாற்றப்படவில்லை

கல்முனைக்குடி,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுத பின்.

பெருமதிப்புக்குரிய ஒலுவில் காலிதீன் மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ். தாங்களும் சபூறா தங்கச்சியும் வீட்டார் அனைவரும் அல்லாஹ்வின் கிருபையால் தேக சுகத்தோடு இருக்க துஆச் செய்கிறேன். இங்கு நாங்களும் சுகமே. என் வீட்டுக்காரி முனவ்வறா மட்டும் என்னோடு கதைப்பதை நிறுத்தியிருக்கிறாள், மற்றப்படி குறையொன்றுமில்லை.

"இந்தக் கலியாணம் வேணாம், அந்த மனிசனுக்கு மண்டை கழண்டு போச்சு" என்று நீங்கள் ஆள் விட்டுச் சொன்ன செய்தி வந்து சேர்ந்தது. மச்சான், என் மண்டை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் என் இளையவள் நப்லா சோற்றைக் கிளறிவிட்டு எழும்பிப் போகிறாள், உங்கள் மகன் இஹ்ஸானின் பேரை யாரும் சொன்னால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். இதைப் பார்த்துக்கொண்டு ஒரு வாப்பா சும்மா இருக்க ஏலுமா? ஆகவே நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன், வாசித்து முடித்த பிறகு முடிவெடுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் மூத்த மருமகன் றஸ்மி. நம்ம ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்த நாளில் இருந்து எங்கள் வீட்டோடுதான் இருக்கிறார், முன்னறையில் லெப்டொப்பை வைத்துக்கொண்டு ஏதோ வெளிநாட்டுக் கொம்பனிக்கு மென்பொருள் எழுதுகிறார். நான் வாய்க்கால் மேற்பார்வை வேலையில் இருந்து ஓய்வெடுத்த பிறகு திறப்பதற்கு மதகும் இல்லை, ஏசுவதற்கு ஆளும் இல்லை, எனவே ஒரு கதிரையைப் போட்டு அவருக்குப் பின்னால் உட்காரப் பழகிவிட்டேன். அவர் பாவம், வேலைக்கு நடுவில் தன் தொழில் நுணுக்கங்களை எனக்கு விளங்கப்படுத்துவார். இவ்வளவு நல்ல புத்திமதி கொம்பியூட்டருக்குள்ளேயே கிடந்து வீணாகிறதே என்று எனக்கு மனம் கேட்கவில்லை, கலியாண வேலைக்கு எடுத்துக்கொண்டேன். இதுதான் நான் செய்த ஒரே குற்றம்.

முதலாவது வாத்து. றஸ்மியின் மேசையில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் வாத்து ஒன்று இருக்கிறது, வேலை இறுகினால் அதைப் பார்த்துக் கதைப்பார். முனவ்வறா பயந்துபோய் ஓதின தண்ணீர்கூட எடுத்து வைத்தாள். கேட்டால் அவர் சொன்னார், பிழை பிடிபடாவிட்டால் இந்த வாத்துக்கு ஒவ்வொரு வரியாக விளங்கப்படுத்துவாராம், வாத்து பதில் சொல்லாதாம், ஆனால் சொல்லிக்கொண்டு போகும்போது பிழை எங்கே என்று தனக்கே விளங்கிவிடுமாம். நானும் கிணற்று மோட்டர் இழுக்காத அன்றைக்கு வாத்திடம் சொல்லிப் பார்த்தேன், பாதி சொல்ல முன்னமே பிளக்கு சொருகவில்லை என்று விளங்கிவிட்டது. அன்றில் இருந்து வாத்து என் சாறன் மடிப்பிலேயே இருக்கும். ஆகவே சபூறா தங்கச்சி வந்து, கூடப்பிறந்த அண்ணனைக் கேட்பது போல, "காக்கா, வலீமாச் சாப்பாட்டுக்கு உங்கட பக்கத்தால எத்தின பேர் வருவீங்க" என்று கேட்டபோது நான் வாத்தை எடுத்து நடு மேசையில் வைத்து, "பொறுங்க தங்கச்சி, முதல்ல இவருக்குச் சொல்லிப் பாக்கிறன்" என்றது அவமதிப்பு இல்லை, மரியாதை. அவசரப்பட்டுப் பிழையான கணக்குச் சொல்லக் கூடாது என்றுதான். அவ எழும்பிப் போனது எனக்குத் தெரியாது, நான் வாத்தோடு இருந்தேன்.

இரண்டாவது வீடு. பெண்ணுக்குக் கொடுக்கும் வீட்டை இவ்வளவு நாளும் முடிக்காமல் இழுத்தடிக்கிறேன் என்று நீங்கள் பள்ளி வாசலில் வைத்துக் கதைத்ததாகக் கேள்வி. றஸ்மி சொல்வார், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, அது சரியா என்று பார்த்த பிறகு அடுத்ததில் கை வை, எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் பழுதானது என்று தெரியாமல் போய்விடும் என்று. எவ்வளவு உண்மை. அதனால் வீடு கட்டும் பாண்டிருப்புச் செல்லத்தம்பி மேசனிடம் ஒரு கதவை மட்டும் போடச் சொல்லி, நான் அதைத் திறந்து மூடித் திறந்து மூடி, மழையிலும் வெயிலிலும் பார்த்துத்தான் அடுத்த கதவுக்கு உத்தரவு கொடுத்தேன். செல்லத்தம்பி பொறுமையான மனிதர், அவரே ஒருநாள் மட்டப் பலகையைக் கீழே வைத்துவிட்டு, "காக்கா, கதவுக்கென்ன காய்ச்சலா, இப்பிடி நாடி பாத்துக்கிட்டு இரிக்கிறதுக்கு?" என்று கேட்டார். இன்னுமொன்று, புதியது ஒழுங்காக ஓடும்வரை பழையதை அழிக்கக் கூடாதாம், பிழைத்தால் பழைய நிலைக்குத் திருப்ப வழி இருக்க வேண்டுமாம். அதனால்தான் பழைய குசினியை உடைக்கவில்லை. அது புதுக் குசினியின் வாசலை மறைத்துக்கொண்டு நிற்பதால் இப்போதைக்கு யன்னலால்தான் உள்ளே போகலாம். முனவ்வறா சமைக்க அப்படித்தான் போகிறாள். சபூறா தங்கச்சிக்கு ஸ்டூல் போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

மூன்றாவது அழைப்பிதழ். இதில் உங்களுக்குக் கோபம் வந்தது நியாயம், நான் மறுக்கவில்லை. றஸ்மி எதை மாற்றினாலும் என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று கீழே ஒரு வரி எழுதி வைப்பார், பிறகு வருகிறவன் முழிக்கக் கூடாது என்பதற்காக. முதல் அடித்த அழைப்பிதழில் மண்டபத்தின் பெயர் பிழைத்துப் போனது, இரண்டாவதில் நேரம். ஆகவே மூன்றாவதை அச்சுக்குக் கொடுக்கும்போது அடியில் ஒரு சின்னக் குறிப்பும் போடச் சொன்னேன்: "இது மூன்றாம் பதிப்பு. மண்டபமும் நேரமும் திருத்தப்பட்டுள்ளன. மாப்பிள்ளை மாற்றப்படவில்லை." இதில் ஒரு சொல் பொய்யா, மச்சான்? உண்மையை எழுதினதற்குச் சம்மாந்துறையில் இருந்து பொத்துவில் வரைக்கும் சொந்தக்காரர் போன் எடுத்து, அப்படியென்றால் முந்தின மாப்பிள்ளை யார் என்று கேட்பார்கள் என்று நான் கண்டேனா? கேட்டவர்களுக்கெல்லாம் முந்தின மாப்பிள்ளையும் இஹ்ஸான்தான் என்று பொறுமையாகச் சொன்னேன். அது இன்னும் குழப்பிவிட்டது போலிருக்கிறது.

நாலாவது திகதி. அழைப்பிதழில் போட்ட வெள்ளிக்கிழமையே இருக்கட்டும் என்றீர்கள் நீங்கள். றஸ்மி சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வார், வெள்ளிக்கிழமையில் மட்டும் எழுதின மென்பொருள் எதையும் வெளியில் விடாதே, ஏதும் பிழைத்தால் சனியும் ஞாயிறும் உதவிக்கு ஒரு ஆள் கிடைக்காது என்று. அதைக் கேட்டு நான் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றச் சொன்னேன். வெள்ளிக்கிழமையில் நிக்காஹ் வேணாமென்ற ஒரு முஸ்லிமைத் தன் வாழ்நாளில் இப்போதுதான் காண்கிறேன் என்று பேஷ் இமாம் மௌலவி சொன்னாராம். நான் வெள்ளிக்கிழமையின் சிறப்பையும் பறக்கத்தையும் மறுக்கவில்லை மச்சான், சனிக்கிழமையை நினைத்துத்தான் பயந்தேன்.

இப்போது அந்தக் கடைசிச் சம்பவத்துக்கு வருகிறேன். திகதியைப் பேச நீங்கள் வேனில் ஆட்களோடு வந்திருந்தீர்கள், உங்கள் பக்கம் வெள்ளி, என் பக்கம் செவ்வாய், குரல் உயர்ந்துவிட்டது, ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்கவில்லை. இப்படி எல்லாம் இறுகி நின்றுவிட்டால் றஸ்மி முதலில் செய்வது என்ன? லெப்டொப்பை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவார். பத்துக்கு ஒன்பது வருத்தம் அதிலேயே மாறிவிடும் என்பார். அதனால்தான் நான் எழும்பி நின்று, "மச்சான், குறை நினைக்காதீங்க, எல்லாரும் ஒருக்கா வெளிய போயிட்டு ஸலாம் சொல்லித் திரும்பி வாங்க" என்றேன். இது வீட்டை விட்டுத் துரத்தினதாகுமா? நீங்கள் வெளியே போனீர்கள், நான் வஅலைக்கும் ஸலாம் சொல்ல ஆயத்தமாகக் கதவடியில் நின்றேன். செருப்புப் போடும் சத்தம் கேட்டது. வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தமும் கேட்டது. வேனையும் ஒருக்கா அணைத்துப் போடுகிறார்கள், காலிதீன் மச்சானுக்கு விசயம் விளங்கிவிட்டது என்று முனவ்வறாவிடம் பெருமையாகச் சொன்னேன். ஆற வைத்த பிளேன்டீயில் ஈ மொய்த்த பிறகுதான் நீங்கள் ஒலுவிலுக்குப் போய்விட்டீர்கள் என்று எனக்கு விளங்கியது.

மச்சான், இவ்வளவும் நடந்த பிறகும் நான் கலியாண வேலையைக் கைவிடவில்லை என்பதற்கு ஒரு அத்தாட்சி சொல்கிறேன். உண்மையாக ஓட விடுவதற்கு முன்னால் எதையும் ஒருமுறை சும்மா ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது றஸ்மியின் பெரிய பாடம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், மூத்தவளின் நிக்காஹில் பதற்றத்தில் நான் மகளின் பேரைச் சொல்வதற்குப் பதிலாக முனவ்வறாவின் பேரைச் சொல்லிவிட்டேன், மௌலவி தடுத்திராவிட்டால் என் நிலை என்ன? அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. இன்று ஜும்ஆ முடிந்து வந்து பார்த்தால் உங்கள் மகன் இஹ்ஸான், சிநேகிதன் அஸ்கியின் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நிற்கிறார், கையில் உயிர் வாத்து ஒன்று. "மாமா, பிளாஸ்டிக் வாத்து உங்களுக்குச் சரிவராது, கேட்டுக் கதைக்கிறதுக்கு இதக் கொண்டு வந்தன்" என்றார். இப்படி ஒரு பிள்ளையை நான் எங்கே போய்த் தேடுவேன்? வந்த காலோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று இருத்தினேன். றஸ்மியும் அஸ்கியும் சாட்சிக்காரர் மாதிரி இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். றஸ்மி மட்டும், "மாமா, பரிசோதனைக்கு உண்மையான ஆக்களப் போடக் கூடா, பொய்ப் பேரு ஒண்டச் சொல்லுங்க" என்றார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீட்டில் இருந்து பொய் சொல்வதா என்று அதட்டிவிட்டேன். முறைப்படி அறை வாசலுக்குப் போய்ச் சம்மதமா மகள் என்று கேட்டேன், கேட்டு முடிக்க முன்னமே திரைக்குப் பின்னால் இருந்து, "ஓம் வாப்பா" என்றாள் நப்லா. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே, இஹ்ஸானின் மடியில் வாத்துத்தான் இருந்தது, வாத்தென்றே சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ், ஒரு சொல் பிசகவில்லை, மகளின் பேர் சரியாக வந்தது, இஹ்ஸான் ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னது அடுத்த வளவில் வேலை செய்த செல்லத்தம்பிக்கும் கேட்டதாம்.

ஆகவே என் பணிவான வேண்டுகோள் என்னவென்றால், பரிசோதனை முழு வெற்றி, இனிப் பயமில்லை. கோபத்தை விட்டுவிட்டுச் சம்மதம் தாருங்கள், திகதி நீங்கள் சொன்னதுதான், அழைப்பிதழில் குறிப்புப் போடமாட்டேன், பழைய குசினியை நாளைக்கே உடைக்கிறேன். வாத்தை இனி மடியில் வைக்கமாட்டேன் என்றும் வாக்குத் தருகிறேன். நீங்கள் மாட்டேன் என்றால் என் பிள்ளை இடிந்துபோவாள், என்னால் அதைத் தாங்க ஏலாது. கடிதத்தை அஸ்கியிடம் கொடுத்து விடுகிறேன். சபூறா தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். அல்லாஹ் நம் இரு குடும்பத்தையும் ஒன்றாகவே வைக்கட்டும், ஆமீன்.

இப்படிக்கு,
தங்கள் மச்சானாக இருக்க ஆசைப்படும்
ஆதம்பாவா

பி.கு.: கடிதத்தை ஒட்ட முன் மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். பரிசோதனை வெற்றியை மௌலவிக்கு வாய் நிறையச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "காக்கா, நிக்காஹ விளையாட்டுக்குச் சொன்னாலும் ஒண்டுதான், வினையாச் சொன்னாலும் ஒண்டுதான். பொண்ணக் குடுக்கிற வலியா நீங்க, சாட்சி ரெண்டு பேர், பொண்ணுட சம்மதம், மஹர், எல்லாம் இரிக்கி. நிக்காஹ் முடிஞ்சிரிச்சி. இனிப் பதிவுதான் மிச்சம்." ஆகவே மேலே உங்களிடம் சம்மதம் கேட்டு எழுதினதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், மச்சான். நாளும் நீங்கள் கேட்ட வெள்ளிக்கிழமையாகவே அமைந்துவிட்டது. வழக்கப்படி மாப்பிள்ளை இனி இங்கேதான், இப்போது யன்னலால் உள்ளே போய்ப் புதுக் குசினியில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், உடுப்பைக் கொடுத்து அனுப்புங்கள். உங்கள் மனம் நோகுமே என்று இதைப் பழைய நிலைக்குத் திருப்ப வழி இருக்கிறதா என்று றஸ்மியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் வாய் திறக்க முன்னம் நப்லா வந்து வாத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "மஹர் எனக்குரியது வாப்பா, திருப்பித் தரமாட்டன்" என்று சொல்லிவிட்டு, அவளும் யன்னலால் ஏறிக் குசினிக்குள் போய்விட்டாள்.