வேம்புலியம்மாளின் ஆல்பேனியா

ஆல்பேனியா தேசத்துப் படக் கார்டு அம்பத்தூரிலேயே ஒரே ஒருவனிடம்தான் இருக்க வேண்டும். அந்த ஒருவன் நானாக இருக்க வேண்டும். 1969-ஆம் வருஷம் இப்படி ஒரு முடிவெடுத்தேன். எடுத்தது நான். முடித்தது என் பெண்டாட்டி.

என் பெயர் கன்னியப்பன். பக்கத்து ஊர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் டர்னர். எட்டு மணி நேரம் கடைசல் லேத் முன்னால் நிற்பேன். இரும்பு நான் சொன்னபடி கேட்கும். சைக்கிளை மிதித்து அம்பத்தூர் வந்து சேர்ந்தால், சொன்னபடி கேட்காத ஒரே பொருள் வீட்டில் இருக்கும். பெயர் வேம்புலியம்மாள். சொந்த அத்தை மகள். சுருக்கமாக வேம்பு என்று கூப்பிடுவேன். பெயரைச் சுருக்கினேனே தவிர, கசப்பு சுருங்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ரேடியோவில் சிலோனைத் தேடித் திருகிக்கொண்டிருந்தேன். சிலோன் கிடைக்கவில்லை. பதிலாக ஒரு பெண் குரல் இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திப் பேசியது. நான் பத்தாவது பாஸ். நிறுத்திப் பேசினால் எனக்கும் இங்கிலீஷ் புரியும். அது தீரானா ரேடியோ. ஆல்பேனியாவின் தலைநகரம். "எங்களுக்கு எழுதுங்கள்" என்று விலாசம் சொன்னாள். எழுதினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு கவர் வந்தது. உள்ளே மூன்று படக் கார்டு. ஒன்றில் மலை. ஒன்றில் கடல். ஒன்றில் முக்காடு போட்ட ஒரு பெண் டிராக்டர் ஓட்டினாள்.

"எந்த ஊரு மாமா இது?" என்று கேட்டாள் வேம்பு.

"ஆல்பேனியா."

"பேனியாவா? தலைல பேனு கீதுன்னு சொல்றியா?"

"தேசம்டி! கம்யூனிஸ்ட் தேசம். ரஷ்யாக்காரனோடவே சண்டை போட்டுகினு தனியா நிக்கிற தேசம். வெளியாளு யாரும் உள்ள போக முடியாது. உள்ள கீறவங்க வெளிய வர முடியாது. வெளில இன்னா நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"நம்ம ஊடு மாதிரின்னு சொல்லேன்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஏழு வருஷத்தில் அறுபத்திரண்டு கார்டு சேர்ந்தது. கல்லால் கூரை போட்ட ஊர். அணைக்கட்டு. பள்ளிக்கூடம். கடற்கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் குடும்பம். பாதிக்கு மேல் கார்டுகளில் பெண்கள்தான். நெய்கிறார்கள், கிரேன் ஓட்டுகிறார்கள், என்னைப்போல் லேத்தில் நிற்கிறார்கள். தகரப் பெட்டி ஒன்று வாங்கி, கற்பூரம் போட்டு, பூட்டி, சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். பெண்டாட்டி பேச வந்தால் தலைவலி என்பேன். பெட்டியைத் திறந்தால் தலைவலி போய்விடும்.

கார்டு சும்மா வராது. கடிதம் எழுத வேண்டும். பாராட்டினால் கூடுதலாக இரண்டு கார்டு வைப்பார்கள் என்பதை அனுபவத்தில் கண்டுபிடித்தேன். ஆகையால் பாராட்டினேன். "உங்கள் நாட்டின் வீரப் பெண்களுக்கு என் வணக்கம். பெண் தொழிற்சாலைக்குப் போகாத வீடு இருட்டு வீடு." இப்படியெல்லாம் இங்கிலீஷில் எழுதுவேன். கார்பன் வைத்து நகலும் எடுத்துக்கொள்வேன். ஒருமுறை பாராட்டியதையே மறுபடி பாராட்டிவிடக் கூடாதல்லவா?

அந்த நகல்தான் எனக்கு முதல் ஆணி.

பக்கத்து வீட்டு சுசீலா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் காயில் சுற்றும் வேலைக்குப் போகிறவள். மோட்டாருக்குள் வைக்கிற செம்புக் கம்பியை மிஷினில் சுற்றுகிற வேலை. புருஷன் இல்லை. இங்கிலீஷ் படிக்கத் தெரியும். "நானும் அவகூட போறேன் மாமா" என்று வேம்பு என்னை மூன்று வருஷமாக அரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை இல்லாத வீட்டில் பகல் பொழுது போகவில்லையாம். குடும்பப் பெண்ணுக்கு அது அழகில்லை என்று நான் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அரை நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறேன். பெட்டி திறந்து கிடக்கிறது. சுசீலா என் கார்பன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி தமிழில் சொல்கிறாள். வேம்பு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்கிறாள்.

"உன் ஊட்டுக்காரரா இப்டி எழுதுனாரு?" என்றாள் சுசீலா. என்னைப் பார்த்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போயே போய்விட்டாள்.

"மாமா, பொம்பள வேலைக்குப் போவாத ஊடு இருட்டு ஊடாமே?" என்றாள் வேம்பு.

"அது... அந்த ஊருக்கு எழுதினது."

"அந்த ஊர்ப் பொம்பளைக்கு நீ எதுக்கு வக்காலத்து? அவளுக்குப் புருசன் இல்லியா?"

"அது வேற தேசம்டி."

"நான் காயிலு சுத்தப் போனா இன்னா?"

"இது வேற தேசம்."

அவள் கார்டுகளை ஒழுங்காக அடுக்கி, பெட்டியை மூடி, சாவியை என் கையில் கொடுத்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம், எழுபத்தாறு. அவசர நிலை நாட்கள். தொழிற்சாலைச் சுவரில் "பேச்சைக் குறை, உழைப்பைப் பெருக்கு" என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். எங்கள் ஷாப்பில் யூனியன்காரர் இரண்டு பேரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய் மாதம் நான்கு ஆகியிருந்தது. திரும்பி வரவில்லை. எனக்கோ சார்ஜ்ஹேண்டு வேலை வரும்போல் ஒரு பேச்சு. சார்ஜ்ஹேண்டு என்றால் பன்னிரண்டு ஆளுக்கு மேஸ்திரி. அந்த நேரம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"கன்னியப்பன் நீங்கதானே? என் பேர் வீராசாமி. போலீஸ். உங்களுக்கு வெளிநாட்டுக் கவர் வருதாமே, அதப் பார்க்கணும்."

பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் கார்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். பிறகு நகல்களை எடுத்தார். படித்தார். மெதுவாகப் படித்தார். எனக்கு நிறுத்தி நிறுத்திப் பேசிய அந்தத் தீரானா பெண்ணே பரவாயில்லை என்றிருந்தது.

"கம்யூனிஸ்ட் நாட்டுக்கு ஏழு வருஷமா கடிதம். 'உங்கள் தொழிலாளிகளின் வெற்றி எங்கள் வெற்றி.' யாருங்க எழுதினது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேறு ஏதோ சொல்லத்தான் திறந்தேன். வெளியே வந்தது இது:

"என் சம்சாரம் சார்!"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"சம்சாரமா? கையெழுத்து உங்களுது. கவர் உங்க பேருக்கு வருது."

"ஆம்பளை பேரு போட்டா தபால் ஒழுங்கா வரும்னு... அவ சொல்லுவா, நான் இங்கிலீஷ்ல எழுதிக் குடுப்பேன் சார். கருத்தெல்லாம் அவளுது. கார்டெல்லாம் அவளுது. பெட்டிகூட அவளுது. ஒண்ணுந் தெரியாத பொம்பள சார், மன்னிச்சு விட்டுடுங்க."

திட்டம் என்னவென்றால், வேம்பு வந்து ஓவென்று அழுவாள். படிக்காத பெண், பாவம் என்று அவர் எழுந்து போய்விடுவார். நான் தப்பித்தேன், அவளும் தப்பித்தாள். என் பயத்துக்கு நடுவிலும் இவ்வளவு தூரம் யோசித்திருந்தேன்.

வேம்பு வாசற்படியில் வந்து நின்றாள். அழவில்லை. என்னைப் பார்த்தாள். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவள் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

"ஆமா சார்," என்றாள். "எல்லாம் என்னுதுதான். என்னிய இட்டுகினு போவீங்களா? அடுப்புல சோறு கீது. எறக்கி வெச்சுட்டு வந்துடறேன்."

அப்போதாவது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ராத்திரிச் சோற்றுக்கு என்ன செய்வது என்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

வீராசாமி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நகலைப் பார்த்தார்.

"பெண் தொழிற்சாலைக்குப் போகாத வீடு இருட்டு வீடு. இது நீங்க சொன்னதாம்மா?"

"ஆமா சார். அதுமட்டும் இல்ல. பொம்பள கையில மிசினு குடுத்தா நாடு முன்னேறும்னும் சொல்லிக்கீறேன். நாலாவது பேப்பர்ல பாருங்க."

பார்த்தார். இருந்தது.

"இதுல தப்பு ஒண்ணும் இல்லியே. சர்க்காரே உழைக்கணும்னுதான் சொல்லுது. அப்ப நீங்க எங்க வேலை செய்றீங்க?"

"எங்கியும் இல்ல சார். பக்கத்து ஊட்டு சுசீலா கம்பெனில ஆளு கேக்குறாங்க. இவரு உட மாட்டேன்றாரு."

வீராசாமி என் பக்கம் திரும்பினார். நாற்காலியும் சேர்ந்து திரும்பியது.

"ஏன்யா விட மாட்டேங்கற?"

"அது வந்து சார்... குடும்பப் பொண்ணு..."

"நாடு முழுக்க உற்பத்தி உற்பத்தின்னு கத்திகிட்டு இருக்கு. உழைக்க வர்ற ஆளத் தடுக்கறே. இப்ப எனக்கு அந்த அம்மா மேல சந்தேகம் இல்ல. உன் மேலதான் இருக்கு."

"ஐயோ சார், நான் தடுக்கவே இல்ல சார்!"

"இவரு வாயால சொன்னா நாளைக்கு மாத்திடுவாரு சார்," என்றாள் வேம்பு. குரல் நிதானமாக இருந்தது. "எழுதி வாங்கிக்குங்க. எனக்கும் ஒரு நகலு குடுங்க. கார்பன் பேப்பர் ஊட்லயே கீது."

எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் நிறுத்திய இடத்தில் அவள் சொன்னாள், அதையும் எழுதினேன். "கார்டுகளும், கடிதங்களில் கண்ட கருத்துகளும், கடிதம் எழுதக் காரணமான ரேடியோவும் என் மனைவி வேம்புலியம்மாளுக்குச் சொந்தம். அவற்றில் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் தொழிற்சாலை வேலைக்குச் செல்வதை நான் தடுக்கவில்லை, இனியும் தடுக்க மாட்டேன்." கீழே கையெழுத்து. பக்கத்தில் தேதி.

வீராசாமி ஒரு பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "கடிதம் எழுதறதக் கொஞ்ச நாள் நிறுத்தி வைம்மா," என்று அவளிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நான் பெருமூச்சு விட்டேன். "வேம்பு, நல்ல வேளை சமாளிச்ச. இன்னா சமயோசிதம் உனக்கு! அந்தப் பேப்பரக் குடு, கிழிச்சுடலாம்."

"சோறு கொழஞ்சு போச்சுங்க," என்றாள். "சாப்புட வாங்க."

அன்றோடு "மாமா" போயிற்று. "வாங்க, போங்க" வந்தது. மரியாதை ஏறியது, உறவு இறங்கியது. சண்டை போட்டாலாவது பரவாயில்லை. ஒரு சண்டை இல்லை, ஒரு அழுகை இல்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குத் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, டிபன் டப்பாவோடு சுசீலா கூடக் கிளம்பிவிட்டாள்.

எனக்குச் சார்ஜ்ஹேண்டு வேலை வரவில்லை. போலீஸ் விஷயம் தெரிந்துதான் தரவில்லையோ என்று மேனேஜரிடம் நயமாக விசாரித்தேன். "எந்தப் போலீஸ்?" என்றார் அவர். "உன் வேலை சுமார்ப்பா. அதான்." அதாவது நான் பயந்தது எதற்காகவோ, அது முதலிலிருந்தே எனக்குக் கிடைக்கிற பொருள் இல்லை.

வேம்புவின் வேலை சுமார் இல்லை. ஆறே மாதத்தில் புதிதாக வருகிற பெண்களுக்குக் காயில் சுற்றச் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடியது. நான் குமிழைத் தொட்டால், "அது என்னுதுங்க" என்பாள். கோபமில்லாமல்தான் சொல்வாள். தகரப் பெட்டியின் சாவி அவள் மஞ்சள் கயிற்றோடு தொங்கியது. டிராக்டர் ஓட்டும் பெண்ணின் கார்டையும் கிரேன் ஓட்டும் பெண்ணின் கார்டையும் கம்பெனிக்குக் கொண்டுபோய் மிஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறாளாம். பசை போட்டு! முதுகில் பசை போட்டால் கார்டுக்கு மதிப்பே இல்லை என்று துடித்தேன். "எனக்குக் கீது" என்றாள்.

அவசர நிலை முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேம்பு சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுசீலா எழுதிக் கொடுத்து இவள் போட்ட கடிதத்துக்குத் தீரானாவிலிருந்து பதில் வந்திருந்தது. கவர் மேல் "திருமதி வேம்புலியம்மாள்" என்று இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. உள்ளே எட்டு கார்டு. எனக்கு ஏழு வருஷத்தில் ஒரே கவரில் எட்டு வந்ததில்லை. ஒன்றில் ஏதோ ஏரி. தண்ணீரின் நீலம் இங்கிருந்தே தெரிந்தது.

"வேம்பு," என்றேன். "ஒரே ஒரு தடவ கையில வாங்கிப் பாத்துட்டுத் தரட்டுமா? கையக்கூடக் கழுவிகினு வர்றேன்."

அவள் ஏரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கை கழுவறதுலதான் நீங்க கெட்டிக்காரராச்சே. அப்டியே அந்த நாலு பாத்திரத்தையும் கழுவிட்டு வந்துடுங்க."